பின்கதவு நீலின் மகள்

"சரி, உன்னைப் பத்திச் சொல்லு" என்றான் ஹெக்டர்.

சமையலறை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கையில் ஒரு பென்சிலை வேறு வைத்துக்கொண்டிருந்தான். பென்சில் எதற்கென்று அவனுக்கே தெரியாது. கம்பெனிக்காரர்கள் என்றால் கையில் பென்சில் இருக்கும் என்பது அவன் நினைப்பு.

மர்டீனா அடுப்புப் பக்கம் நின்று மீன் வடையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். உப்புப்போட்ட காட் மீனையும் அவித்த உருளைக்கிழங்கையும் பிசைந்து தட்டின வடை. பன்றிக் கொழுப்பில் அது பொரிகிற சத்தத்துக்கு மேலே, ஜன்னலில் பனிமழை மணல் அள்ளிப் போட்ட மாதிரி விழுந்துகொண்டிருந்தது.

"என் பேர் மர்டீனா மக்லீன்…"

"முதுகைக் காட்டிக்கிட்டு சொன்னா எவன் கேப்பான்? மூஞ்சியப் பாத்துப் பேசு."

"வடை கருகிடும்யா."

"கருகட்டும். நாளைக்கு அங்க போயும் வடை திருப்பப் போறியா?"

அவள் வாணலியை ஓரமாக நகர்த்திவிட்டு, கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு திரும்பினாள். வேலை கேட்கப் போகிறவர்களுக்கு நடந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்த மாதிரி தோளை நிமிர்த்தினாள். நண்டு மேசையில் குனிந்தே நின்ற தோள். நிமிர்த்தினால் வலிக்கும்.

"என் பேர் மர்டீனா மக்லீன். இதே கில்லிஸ் கோவ் நண்டுக் கம்பெனியில இருபத்தாறு சீசன் வேலை பாத்திருக்கேன். காலை உடைச்சு சதை எடுக்குற மேசையில…"

"எந்த மக்லீன்?"

"அப்படியெல்லாம் கேக்க மாட்டாங்க. குடும்பத்தைப் பத்திக் கேக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்காம். கிளாஸ்ல அந்தப் பொண்ணு சொன்னா."

"சட்டம் கம்பெனிய வாங்கின மாங்டன்காரனுக்கு. பக்கத்து நாற்காலியில ஃபோர்மேன் லாக்கி மக்நீல் உக்காந்திருப்பான்ல? அவன் கேப்பான். இப்ப நான்தான் லாக்கி. சொல்லு, எந்த மக்லீன்?"

"நெட்டை ரோரி வீட்டு மருமக."

"அது நீ வாக்கப்பட்ட வீடு. பொறந்த வீடு?"

அவள் மறுபடி வாணலிப் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியா. இங்கதான் நீ மாட்டுவ" என்று பென்சிலை மேசையில் உருட்டிவிட்டான் ஹெக்டர். "எடு வடையை. பசிக்குது."

கேப் பிரெட்டன் தீவில் அந்தக் கரை முழுக்க மக்லீனும் மக்நீலும்தான். ஒரே தெருவில் ஏழு நீல் மக்லீன் இருந்த காலம் உண்டு. அதனால் பேரைச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. யார் பிள்ளை என்று கேட்பார்கள். அதற்கென்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஊர் வைத்த பேர் ஒன்று இருக்கும். நெட்டை ரோரி வீடு, செம்பட்டை வீடு, மணியடிக்கிறவன் வீடு. யாரோ ஒரு தாத்தா உயரமாக இருந்திருப்பார், இல்லை கோயில் மணியடித்திருப்பார். அந்தப் பேர் பேரன் பேத்திவரைக்கும் வரும். குள்ளமாகப் பிறந்தவனும் நெட்டை ரோரிதான்.

மர்டீனா பிறந்த வீட்டுக்குப் பின்கதவு என்று பேர்.

அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது நண்டுக் கம்பெனியில் வேலைநிறுத்தம். பனிக்காலம் முழுக்க முன்வாசல் கேட்டில் தகரப் பீப்பாயில் தீ மூட்டி, ஊரே சுற்றி நின்றது. வசந்தத்தில் ஒரு நாள் விடிகாலையில் அவளுடைய அப்பா நீல், கடல் பக்கம் ஐஸ் இறக்குகிற பின்கதவு வழியாக உள்ளே போனார். அவர் பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து பேர் போனார்கள். அந்த வாரமே வேலைநிறுத்தம் உடைந்தது. நீல் வீட்டில் ஐந்து பிள்ளைகள் என்று பிற்பாடு ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தார்கள். கேட்டில் நின்றவர்கள் எல்லார் வீட்டிலும் ஐந்து பிள்ளைகள்தான். அவர் பின்னால் போன மற்றவர்களை ஊர் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துவிட்டது. முதலில் போனவரை மறக்கவில்லை.

வேலைநிறுத்தத்துக்கு முன்னால் நின்ற டான் மக்நீலைக் கம்பெனி திரும்பச் சேர்க்கவில்லை. அவர் ஒன்டாரியோவுக்குச் சுரங்க வேலைக்குப் போனார். கொஞ்ச காலம் பணம் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை, அவரும் வரவில்லை. அவர் மகன்தான் லாக்கி. இப்போது ஃபோர்மேன்.

கம்பெனியைப் போன வருஷம் மூடிவிட்டார்கள். மாங்டனிலிருந்து யாரோ வாங்கி, ஏப்ரலில் மறுபடி திறக்கப் போகிறார்கள். பழைய ஆட்களில் பாதிப் பேரைத்தான் எடுப்பார்களாம், அதுவும் நேர்முகம் வைத்து. கில்லிஸ் கோவில் நேர்முகம் என்ற வார்த்தையை அதுவரை யாரும் கேட்டதில்லை. வேலை வேண்டுமென்றால் அப்பாவோ சித்தியோ போய், "எங்க வீட்டுப் பொண்ணு ஒருத்தி இருக்கா" என்பார்கள். ஃபோர்மேன், "யார் மக?" என்பான். அவ்வளவுதான். அதனால் வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து ஒரு சின்னப் பெண் வந்து, கோயில் ஹாலில் அரை நாள் வகுப்பெடுத்தாள். உங்களைப் பற்றி ஒரு நிமிஷம் பேசுங்கள், நீங்கள் எதில் கெட்டிக்காரி என்று சொல்லுங்கள் என்றாள். வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். தன்னைத் தானே கெட்டிக்காரி என்று சொல்லிக்கொண்ட ஒருத்தி அந்த ஊரில் உண்டு. அவளோடு பிறகு யாரும் சீட்டு விளையாடவில்லை.

ஹெக்டர் வடையைப் பிட்டு, ஊறுகாய் பீட்ரூட்டைத் தொட்டுக்கொண்டான்.

"நான் சொல்றதக் கேளு. நாளைக்குப் போ, வேணாங்கல. ஆனா கிடைக்கலன்னா அலெக் சொன்னதுக்கு நீ சரின்னு சொல்லணும். பேச்சு மாறக் கூடாது."

அலெக் அவன் தம்பி. ஹாமில்டனில் குடோன் வேலை. வீட்டு அடித்தளத்தில் ஒரு அறை காலியாக இருக்கிறது, வந்துவிடுங்கள் என்று கிறிஸ்துமஸிலிருந்து கூப்பிடுகிறான். ஹெக்டரின் படகு உரிமம் விற்றாயிற்று. முதுகும் போயிற்று. இந்த வீட்டை விற்றுவிட்டு ஏப்ரல் கடைசியில் கிளம்பலாம் என்பது அவன் கணக்கு.

"பேச்சு மாற மாட்டேன். கிடைச்சா இங்கதான் இருப்போம். அதையும் நீ மாத்தக் கூடாது."

"கிடைச்சாத்தானே."

"கிடைக்காதுன்னு அவ்ளோ ஆசையா உனக்கு?"

"ஆசைதான். ஒளிக்கல. இந்த ஊர்ல எனக்கு என்னடி இருக்கு? லீஜியன் பார்ல நான் போய் உக்காந்தா, என் மேசையில இன்னொருத்தன் வந்து உக்காந்து பாத்திருக்கியா? நெட்டை ரோரி வீட்டுப் பையன் நான். என் அப்பன் செத்தப்ப சவப்பெட்டி தூக்க அடிதடி. நாளைக்கு நான் செத்தா நீ வாடகைக்குத்தான் ஆள் புடிக்கணும்."

"கல்யாணத்துக்கு முன்னாடியே சொன்னேன்ல. யோசிச்சுக்கோன்னு."

"சொன்ன. இருபது வயசுல எவன் யோசிச்சான்."

"இப்ப யோசிக்கிறியாக்கும்."

"ஹாமில்டன்ல எவனும் யார் மகன்னு கேக்க மாட்டான். அதத்தான் யோசிக்கிறேன்."

"கேக்க மாட்டான். ஏன்னா அங்க எவனும் எதுவுமே கேக்க மாட்டான். அந்தப் பொந்துல உக்காந்து ஜன்னல் வழியா கார் டயரப் பாத்துக்கிட்டு இருக்கணும். நான் வரமாட்டேன்யா. இந்தத் தண்ணியப் பாக்காம எனக்குத் தூக்கம் வராது."

"தண்ணிய மட்டும் பாரு. ஊர்க்காரன் மூஞ்சியப் பாக்காத."

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன் இத்தனை வருஷமா. உனக்குத்தான் வலிக்குது."

அவன் தேநீரை ஊற்றிக்கொண்டான். காலையிலிருந்து அடுப்பில் கொதித்துக் கறுத்த தேநீர், டின் பால் விட்டும் நிறம் மாறவில்லை.

மறுநாள் காலையில் விரிகுடா முழுக்க மிதவைப்பனி வந்து அடைத்திருந்தது. தெற்கே போயிருந்த பனி, காற்று மாறியதில் திரும்பி வந்துவிட்டது. கரையில் நின்றால் அது ஒன்றோடொன்று உரசி முனகுகிறது கேட்கும். ஹெக்டர் லாரியைக் கம்பெனி முற்றத்தில் நிறுத்தினான்.

"பனி போகாம படகு இறங்காது. ஏப்ரல்ல தொறப்பாங்களாம், ஏப்ரல்ல" என்றான்.

"நீ உள்ள வர்றியா?"

"நான் எதுக்கு? இங்கயே இருக்கேன். ரொம்ப நேரம் ஆகாது உனக்கு."

அவன் சொன்ன விதம் அவளுக்குப் புரிந்தது. கதவைக் கொஞ்சம் வேகமாகவே சாத்திவிட்டு இறங்கினாள்.

உடை மாற்றுகிற அறையைத்தான் காத்திருக்கிற அறையாக்கியிருந்தார்கள். ஒரு வருஷம் மூடிக் கிடந்தும் நண்டு வேகவைத்த ஆவி வாசனை சுவரை விட்டுப் போகவில்லை. அந்த வாசனை பட்டதும் மர்டீனாவுக்கு நெஞ்சு லேசாக இறுகியது. மேசையில் நின்றவர்கள் பாதிப் பேருக்கு அந்த ஆவியால் இழுப்பு உண்டு.

உள்ளேயிருந்து ரோடா வெளியே வந்தாள். மேசையில் மர்டீனாவுக்கு மூன்று ஆள் தள்ளி நிற்பவள். அவளுக்கு எதுவும் விளையாட்டுத்தான்.

"என்ன கேட்டாங்க?" என்றாள் மர்டீனா.

"உங்களைப் பத்திச் சொல்லுங்கன்னா அந்த மாங்டன் அம்மா. என்னத்தச் சொல்ல? எனக்கு மூட்டு வலின்னேன்."

"அய்யய்யோ. அதப் போயா சொல்லுவ?"

"வேற என்ன இருக்கு என்னைப் பத்தி? மூணு புள்ளன்னேன், ஒண்ணு உருப்படலன்னேன். அந்தம்மா எழுதிக்கிட்டா." ரோடா மழைக்கோட்டை மாட்டிக்கொண்டே அவளை மேலும் கீழும் பார்த்தாள். "புது சட்டையா?"

"பழசுதான்."

"உனக்கென்ன பயம். எல்லாக் கதவும் சாத்தினாலும் உங்க வீட்டு ஆளுங்களுக்கு ஒரு கதவு தெரியுமே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இருபத்தாறு சீசனாக அவள் அப்படித்தான் சொல்கிறாள். சிரிக்கவில்லை என்றால் கோபக்காரி என்பார்கள் என்று மர்டீனாவும் உதட்டை இழுத்துச் சிரிப்பாள். இன்றைக்கு வரவில்லை. கூப்பிட்டார்கள், போனாள்.

ஃபோர்மேன் அறையில் இரண்டு பேர். கரோலின் ஷ்ரோடர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட மாங்டன் பெண்மணிக்கு நாற்பது வயதிருக்கும். கம்பளிச் சட்டை, கழுத்தில் துணி சுற்றி, சளிபிடித்த மூக்கு. பக்கத்தில் லாக்கி மக்நீல். கையைக் கட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாக வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் உட்கார்ந்தபோது அவன் திரும்பவில்லை.

"வாங்க மர்டீனா, உக்காருங்க. ரோடு எப்படி இருந்துச்சு? எனக்கு வரும்போது உயிரே போயிடுச்சு" என்றாள் ஷ்ரோடர்.

"பரவால்லங்க. பழகினதுதான்."

"நல்லது. உங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க."

அவள் தோளை நிமிர்த்தினாள்.

"என் பேர் மர்டீனா மக்லீன். இதே கம்பெனியில இருபத்தாறு சீசன். மொதல்ல பொதி கட்டுற இடத்துல இருந்தேன், அப்புறம் மேசை. கால் சதை முழுசா வரணும், ஓடு சில்லு ஒண்ணுகூட இருக்கக் கூடாது, அதுல நான்…" கெட்டிக்காரி என்ற வார்த்தை தொண்டையில் நின்றது. "அதுல என்னைத் திட்டினது கிடையாது."

ஷ்ரோடர் சிரித்தாள். "அப்படின்னா கெட்டிக்காரின்னு எடுத்துக்கிறேன். நீங்க லீவு போடறதே அபூர்வம்னு பழைய சூப்பர்வைசர் சொன்னார். மெக்சிகோலேர்ந்து பெண்கள் வர்றாங்க, பன்னிரண்டு பேர். அவங்களுக்கு மேசை வேலை சொல்லித்தர ஒருத்தர் வேணும். உங்களை மனசுல வச்சிருக்கேன்."

மர்டீனாவுக்கு மூச்சு ஒரு கணம் லேசானது.

"யார் மகன்னு சொல்லல" என்றான் லாக்கி.

ஜன்னலைப் பார்த்தபடியேதான் சொன்னான். ஷ்ரோடர் அவன் பக்கம் திரும்பினாள்.

"மிஸ்டர் மக்நீல், நாம அதக் கேக்க முடியாது."

"நான் கேக்கல. விட்டுட்டான்னு சொல்றேன். இந்த ஊர்ல எல்லாரும் அதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பாங்க. காலைலேர்ந்து வந்தவளுங்க எல்லாம் சொன்னாளுங்கல்ல? நீங்க கேட்டீங்களா? அவளுங்களே சொன்னாளுங்க. இவ மட்டும் சொல்லல."

உண்மைதான். வகுப்பில் என்ன சொல்லியிருந்தாலும் வாய் பழக்கத்தில் எல்லாரும் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பார்கள். அவள் மட்டும் எண்ணி எண்ணி விட்டிருக்கிறாள். விட்டதுதான் இப்போது மேசை நடுவில் கிடந்தது.

"நீங்க பதில் சொல்ல வேண்டியதில்ல மர்டீனா" என்றாள் ஷ்ரோடர்.

"பரவால்லங்க. சொல்றேன்." அவள் லாக்கியைப் பார்த்தாள். "நான் பின்கதவு நீல் மக. எங்கப்பா வேலைநிறுத்தத்தை உடைச்சார். இவங்கப்பா அதனால ஊரை விட்டுப் போனார். இத நான் சொல்லலன்னா இவர் சொல்லுவார்."

ஷ்ரோடர் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். என்ன எழுதுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"அது எப்ப நடந்தது?"

"எனக்கு ஒன்பது வயசுங்க."

"ஒன்பது வயசுல நீங்க என்ன பண்ணியிருக்க முடியும்?"

"எனக்குப் பதினோரு வயசு" என்றான் லாக்கி. "நானும் ஒண்ணும் பண்ணல. அம்மாதான் பண்ணா. எங்கப்பா போனப்புறம் எங்க நாலு பேருக்கும் சோறு போட இதே கம்பெனிக்குக் கும்பிட்டு வந்து நின்னா."

"தெரியும்" என்றாள் மர்டீனா. "எனக்கு எதிர்லதான் நின்னா."

அவள் பிறகு ஷ்ரோடரைப் பார்த்துப் பேசினாள். ஒரு நிமிஷத்தில் முடிக்கச் சொல்லியிருந்தார்கள். அது மறந்துபோயிற்று.

"நான் மேசைக்கு வந்தப்ப எம் பக்கத்துல நிக்க யாருக்கும் பிடிக்கல. அப்ப இருந்த ஃபோர்மேன் ஒரு மாதிரி ஆளு. வேடிக்கை பாக்கணும்னு இவங்கம்மா சேடிக்கு நேர் எதிர்ல என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். ரெண்டு பேருக்கும் நடுவுல பெல்ட் ஓடும், அவ்ளோதான் தூரம். கை நீட்டினா தொட்டுடலாம். பத்தொன்பது சீசன் நின்னோம். அவ என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. கத்தி கீழ விழுந்தா எடுத்துக் குடுப்பேன், வாங்கிப்பா. பேச மாட்டா. என் புள்ள எட்டு மாசத்துல செத்துப் பொறந்துச்சு, ஒரு வாரத்துல திரும்ப வந்து நின்னேன். அன்னிக்கும் பேசல. ஆனா அன்னிக்கு முழுக்க அவளும் பக்கத்துல இருக்கறவங்ககிட்டகூடப் பேசல."

லாக்கி கையைக் கட்டினபடியே இருந்தான்.

"கடைசி மூணு சீசன் அவளுக்கு விரலு மடங்கிப்போச்சு. எங்க ஆளுங்க எல்லாருக்கும் வர்றதுதான், குளிர்ல நின்னு நின்னு. நண்டுக்கால் ஓட்டை உடைக்க முடியல. ஆளுக்கொரு தட்டு, அதுல நம்பர் இருக்கும். எடை குறைஞ்சா அடுத்த சீசன் கூப்பிட மாட்டாங்க. அவ தட்டு குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. சூப்பர்வைசர் அந்தப்பக்கம் போனதும் நான் எடுத்த சதையில ஒரு கையளவு அவ தட்டுல போடுவேன். தெனமும்."

"அவங்க பாத்தாங்களா?" என்றாள் ஷ்ரோடர்.

"பாத்தா. கண்ணத் தூக்கல. தட்டை மட்டும் கொஞ்சம் என் பக்கம் தள்ளி வச்சா. அதுக்கப்புறம் தெனமும் அங்கயே வச்சா."

"பாவம், எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு…"

"பெரிய மனசா?" என்றான் லாக்கி.

இப்போதுதான் திரும்பினான். முகம் சிவந்திருந்தது. மர்டீனா அவன் முகத்தை இவ்வளவு நேராகப் பார்த்ததில்லை. சேடியின் தாடை அப்படியே.

"அவ வீட்ல வந்து என்ன சொல்லுவான்னு உனக்குத் தெரியுமா? ராத்திரி சாப்பிட உக்காந்து சொல்லுவா. 'இன்னிக்கும் பின்கதவு என் தட்டுல போட்டா. நான் எடுத்துக்கிட்டேன்.' சொல்லிட்டு முள்ளுக்கரண்டிய வச்சிடுவா. சாப்பிட மாட்டா. மூணு சீசன். என் அப்பன் போனப்பகூட அவ அழுது நான் பாக்கல. உன் நண்டுக்கு அழுதா. வேணாம்மா, வேலைய விடு, நான் பாத்துக்கறேன்னு சொன்னேன். கேக்கல. உன் முன்னாடி தோத்துப் போயிட்டேன்னு ஆயிடுமாம். நீ அவளுக்கு நல்லது பண்ணல மர்டீனா. உன் பிச்சைய அவ வாயில திணிச்ச."

அறைக்கு வெளியே யாரோ பூட்ஸ் பனியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அந்தச் சாப்பாட்டு மேசை மர்டீனாவுக்கு இதுவரை தெரியாது. தட்டைத் தள்ளி வைத்ததை அவள் வேறு மாதிரிதான் நினைத்துக்கொண்டிருந்தாள், இத்தனை வருஷமாக.

"நல்லது பண்றதா நினைச்சுப் போடல" என்றாள் கடைசியில்.

"பின்ன?"

"அவளை அனுப்பிட்டா எனக்கு எதிர்ல இன்னொருத்தி வந்து நிப்பா. அவ வாய் சும்மா இருக்காது. ரோடா மாதிரி தெனமும் கதவு கதவும்பா. இந்த ஊர்ல அந்தப் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிடாத ஒரே ஆளு உங்கம்மாதான் லாக்கி. அவ பேசவே இல்லையே. வீட்ல சொன்னான்னு இப்பத்தான் தெரியும்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பா, செருமலா தெரியவில்லை, மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது.

"ஆக, உன் சௌகரியத்துக்குப் போட்ட."

"ஆமா."

"இத நீ முன்னாடியே சொல்லியிருந்தா அவ நிம்மதியாத் தின்னிருப்பா."

"அவ என்கிட்ட பேசலையே. எப்படிச் சொல்ல?"

ஷ்ரோடர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். காகிதத்தில் கேள்விகள் அச்சடித்து வைத்திருந்தாள். அதில் அடுத்ததைத் தேடிப் பிடித்து, கொஞ்சம் தயங்கி வாசித்தாள்.

"உங்களோட… பலம்னு எதைச் சொல்லுவீங்க மர்டீனா?"

"என்னைப் பிடிக்காத ஆளுக்கு எதிர்ல நின்னு முழு சீசனும் வேலை பாப்பேங்க. கை நிக்காது."

ஷ்ரோடர் எழுதவில்லை. லாக்கியைப் பார்த்தாள். "மிஸ்டர் மக்நீல், உங்க ஷிஃப்ட்லதான் அந்த மெக்சிகோ பெண்கள். நீங்க என்ன சொல்றீங்க? உங்களுக்கு முடியாதுன்னா…"

"மேசை வேலை இவளுக்குத் தெரிஞ்ச மாதிரி இங்க எவளுக்கும் தெரியாது" என்றான் லாக்கி. கோபம் குறையாமலே சொன்னான். யாரோ கழுத்தைப் பிடித்துச் சொல்லவைத்த மாதிரி இருந்தது. "வேலைன்னு வந்தா வேலை. எடுத்துக்கோங்க. ஆனா ஒண்ணு. காலையில குட்மார்னிங்கு, பொழுது போனா குட்நைட்டு, அதெல்லாம் என்கிட்ட எதிர்பாக்கக் கூடாது. சொல்ல வேண்டியதை போர்டுல எழுதிப் போடுவேன். படிச்சிக்கட்டும்."

"அப்படியெல்லாம் நடத்த முடியாது மிஸ்டர் மக்நீல்…" என்று ஆரம்பித்தாள் ஷ்ரோடர்.

"எனக்குப் பழக்கம்தாங்க" என்றாள் மர்டீனா. "எழுத்து மட்டும் பெருசா எழுதச் சொல்லுங்க. கண்ணாடி ஆவியில மங்கிடும்."

எழுந்து, ஷ்ரோடருக்குக் கை கொடுத்தாள். வகுப்பில் கெட்டியாகக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். லாக்கி கையைக் கட்டிக்கொண்டான். அவளும் நீட்டவில்லை.

முற்றத்தில் லாரி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஏறி உட்கார்ந்ததும் ஹெக்டர் ரேடியோவை அணைத்தான்.

"இவ்ளோ நேரம் என்ன பண்ண? ரோடா அப்பவே வந்துட்டா."

"பேசிக்கிட்டு இருந்தேன்."

"லாக்கி கேட்டானா?"

"கேட்டான்."

"சொன்னேன்ல." அவன் சந்தோஷப்பட்டான், அதை மறைக்க முடியவில்லை. "விடு. இந்தப் பயலுங்களுக்கு நாம என்ன பண்ணாலும் இதேதான். இன்னிக்கே அலெக்குக்குப் போன் போடறேன். வீட்டுக்கு ஒரு ஆள் வந்து பாக்கறேன்னான், அவனையும் வரச்…"

"கிடைச்சிடுச்சு."

"என்னது?"

"வேலை. மெக்சிகோலேர்ந்து வர்றவங்களுக்குச் சொல்லித்தரணும். லாக்கி ஷிஃப்ட்."

ஹெக்டர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தான். வைப்பர் ஒருமுறை போய் வந்தது.

"லாக்கி ஒத்துக்கிட்டானா? என்னத்தச் சொன்ன நீ?"

அவள் சொன்னாள். சேடி விரல் மடங்கினதை, தட்டை, கையளவு சதையை, சேடி தட்டைத் தள்ளி வைத்ததை. லாக்கி வீட்டுச் சாப்பாட்டு மேசையையும் சொன்னாள். சொல்லும்போது குரல் ஒரு இடத்தில் மட்டும் சிக்கியது, செத்துப் பிறந்த பிள்ளைக்கு அடுத்த வாரம் மேசையில் நின்றதைச் சொன்ன இடத்தில். ஹெக்டர் கையை மறுபடி ஸ்டீயரிங்கில் வைத்தான். பனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சேடி மக்நீல் தட்டுல நீ போட்டியா" என்றான். "மூணு சீசன்."

"ஆமா."

"அவ அன்னிக்கு முழுக்க யார்கிட்டயும் பேசலன்னு சொன்னியே. நம்ம புள்ள…"

"ஆமா."

"நான் லீஜியன்ல அவ மகன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஒத்தையில உக்காந்திருந்தேன். அவ உன் எதிர்ல நிக்கிறா, என்ன பண்றா, நீ என்ன பண்ற, எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒரே கட்டில்ல படுத்துக்கிட்டு, இத்தனை வருஷம் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. எங்கேயோ இருந்து வந்த ஒரு பொம்பளைகிட்ட, மொத தடவை பாக்குறவகிட்ட, போய்ச் சொல்லியிருக்க." அவன் குரல் ஏறிக்கொண்டே வந்தது. "ஏன் மர்டீனா?"

"அவ கேட்டா" என்றாள்.

ஹெக்டர் கியரைப் போட்டு லாரியைப் பின்னால் எடுத்தான். முற்றத்தைத் தாண்டி ரோட்டில் ஏறினான். அலெக்கிடம் என்ன சொல்வதென்றுதான் யோசிக்கிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவனே யோசிக்கட்டும் என்று, அவள் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் பக்கம் பார்த்தாள்.